முகம் வரலையே சார்!



நேற்று என் பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். நடிகனாக வேண்டும் என்று சென்னைக்குப் போனவன். ஒரு ஏஜென்சியில் போட்டோ கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் காத்திருந்தான். கடைசியில் அவர்கள் கூப்பிட்டது டப்பிங் பேச! இன்று மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். ஆனாலும், "திரையில முகம் வரலையே சார், சொந்தக்காரங்க கேலி பண்றாங்க" என்று தலை குனிந்தான்.

கேலி செய்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நடிகர் விக்ரம் 'மீரா'வில் (1992) கதாநாயகனாக நடித்த பிறகும், 'அமராவதி'யில் (1993) அஜித்துக்கும் 'காதலன்' (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தார். 'சேது' வந்தது 1999-இல்தான். இடையில் செய்த வேலை அவரைத் தாழ்த்திவிட்டதா?

பிள்ளைகளே, வந்த வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள். ஆனால் பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்சியிடம் ஏமாறாதீர்கள். வேலை வாங்கித் தந்து, வரும் சம்பளத்தில் கமிஷன் எடுப்பதுதான் முறை.

ஒரு குற்ற உணர்வும் எனக்கு உண்டு. வகுப்பில் அவனை "கத்தாதே, உட்கார்" என்று எத்தனையோ முறை அடக்கியவன் நான். இன்று அந்தக் குரல்தான் அவனுக்குச் சோறு போடுகிறது.