பாட்டனார் பெயர்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்த வேளையில், இளம் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருக்கு ஆண் மகவு பிறந்து இருபது நாட்கள் ஆகியிருந்தன. தம் தந்தையாரின் பெயரையே வைக்கவேண்டும் என்று ஊரிலுள்ளோர் வற்புறுத்துகின்றனராம். மனைவியாரோ கைப்பேசியில் நாளும் ஒரு புதுப்பெயரைக் கண்டெடுக்கின்றாராம். "உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள், அண்ணா?" என்றார். இரவுப் பணிக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று விடை கூறாமலே புறப்பட்டுவிட்டோம். இவ்விதழில் கூறுகிறோம்.

பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் திரிபே. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள், பேர்த்தியும் அவ்வாறே. அரசர்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் பேரன் இரண்டாம் மகேந்திரவர்மன். முதலாம் பராந்தக சோழனின் பேரனான சுந்தர சோழனுக்கும் பராந்தகன் என்பது பெயர். நாமும் நம் பாட்டனாரின் பெயரைத் தாங்குபவரே. ஆதலின் நமக்கு மகன் பிறந்தபோது, மூன்றாண்டுகளுக்கு முன் காலமான நம் தந்தையாரின் பெயரை அவனுக்கு இடுவதே முறை. தந்தையாரின் பெயர் குப்புசாமி.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. "இந்தக் கரக்பூரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இப்பெயரா? வங்காளிப் பிள்ளைகளும் இந்திப் பிள்ளைகளும் வாயில் போட்டு மெல்லுவார்களே!" என்றார் நம் இல்லத்தரசி. அவர் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் பெயரையே நம் வகுப்பில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. அவர் ஒரு சமாதானமும் கூறினார். வங்காளிகளுக்குப் பெயர் இரண்டு உண்டு: வீட்டார் அழைக்க 'டாக்நாம்', பள்ளிக்கும் ஏட்டிற்கும் 'பாலோநாம்'. அதுபோலப் பாட்டனார் பெயரை வீட்டில் வைத்துக்கொள்வோம், ஏட்டில் வேறு பெயர் எழுதுவோம் என்றார்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆயின் நம் வழக்கம் இதற்கு நேர்மாறானதன்றோ? மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது. கணவன் பெயரை மனைவி சொல்லலாகாது. பிள்ளையோ அடுப்பில் கை வைப்பான், சோற்றைக் கொட்டுவான். பெரியவர் பெயரைச் சொல்லித் திட்ட முடியுமா? ஆகவே பெரியவரின் பெயர் ஏட்டில் இருக்கும். வீட்டில் அவன் ராஜா, ஐயா, தம்பி. நம் ஊர்ப்பக்கம் எழுபது வயதிலும் தம்பி என்றே அழைக்கப்படும் பெரியவர்கள் பலர் உளர். இப்படி வீட்டில் மூன்று நாட்கள் விவாதம் நடந்தது. நாம் இரு பக்கமும் தலையசைத்து இரு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

நான்காம் நாள் நம் அன்னையார் வாய் திறந்தார். தந்தையார்க்கு முன் அவர் வீட்டில் ஆண் மகவுகள் இரண்டு பிறந்தனவாம். முதற்பிள்ளைக்கு முறைப்படி அதன் பாட்டனார் பெயரை இட்டனர். அஃது ஐந்தாம் மாதத்தில் மறைந்தது. அடுத்ததும் ஓராண்டு நிறையவில்லை. மூன்றாவது பிறந்தபோது முன்னோர் பெயரை இட அப்பாட்டிக்குத் துணிவில்லை. பிள்ளையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்து, அயலார் ஒருவரைக் கொண்டு எடுத்துவரச் செய்து, அவரிடமிருந்து தவிடு கொடுத்து வாங்கினார். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று காலன் நினைக்கட்டும் என்பது எண்ணம். குப்பு என்ற பெயர் குப்பையிலிருந்து வந்தது. பிச்சை, குப்பம்மாள் என்பனவும் பெரும்பாலும் இவ்வகையினவே. நாம் அதுவரை அறிந்திலோம்! சாமியின் பெயர் என்றே எண்ணியிருந்தோம்.

மறுநாள் இதனை அலுவலகத்தில் கூறினோம். அடுத்த மேசை வங்காளி நண்பர் சிரிக்கவில்லை. "எங்களிடம் தின்கொரி என்று பெயர் உண்டே" என்றார். மூன்று சோழி என்பது பொருள். முன்பிறந்த பிள்ளைகளை இழந்த வீட்டில் அடுத்த பிள்ளையை மூன்று சோழிக்கு விற்று வாங்கியதாகச் செய்து இடும் பெயராம். காசிப் பக்கத்திலிருந்து வந்த மற்றொருவர், தம் ஊரில் குர்ஹூ என்ற பெயருடைய கிழவர்கள் இருந்தனர் என்றார். 'கூர்' என்பது அவர்கள் பேச்சில் குப்பைமேடு. ஆயிரம் கல் தொலைவிலும் தாய்மார் அதே குப்பைமேட்டைத்தான் நாடியிருக்கின்றனர்.

வீட்டில் அதற்குமேல் விவாதம் எழவில்லை. இம்மகனுக்கு ஈராண்டு முன்பு நம் இல்லத்தரசியும் ஒரு கருவை ஆறாம் மாதத்தில் இழந்தவர். அன்னையார் கதை சொன்ன இரவு அவர் ஒன்றும் பேசவில்லை. காலையில் பிறப்புப் பதிவுத் தாளை எடுத்துவந்து நம்முன் வைத்து, "குப்புசாமி என்றே எழுதுங்கள்" என்றார்.

இனி, எழுத்தராகிய நாம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடவேண்டும். ஆனால் பெயர் முடிவாகவில்லையெனில் அவ்விடத்தை வெறுமையாக விடலாம்; 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆகவே இருபதாம் நாளில் மனைவியாருடன் போர் தொடுக்கவேண்டிய அவசியம் அன்பருக்கு இல்லை. ஆனால் எழுதும் எழுத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். 1-10-2023 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. நம் தந்தையாரின் பெயர் ஓய்வூதிய ஆணையில் ஒருவிதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. சாமியில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. அதற்காக நம் அன்னையார் நான்கு மாதம் குடும்ப ஓய்வூதியமின்றி, உறுதிமொழிப் பத்திரமும் கையுமாக அலைந்தார். ஆகவே ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எங்கும் அதையே எழுதுங்கள். இந்தியிலும் வங்காளியிலும் எப்படி வரும் என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

பெயர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற நம் அன்னையார் இன்றுவரை பேரனை அப்பெயர் சொல்லி அழைத்ததில்லை. கணவர் பெயர் அல்லவா? "ஐயா" என்றுதான் கூப்பிடுகிறார். சென்ற வாரம் தடுப்பூசிக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பலகையில் வரிசையாக அமர்ந்திருந்தபோது செவிலிப் பெண் வங்காளி நாவில் "குப்புஷாமி!" என்று உரக்க அழைத்தாள். நாம் பையைத் தேடிக்கொண்டிருந்தோம். அதற்குள் அன்னையார் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரோ பெரியவர் உள்ளே வந்துவிட்டாற்போல எழுந்து நின்றார். பின்னர் இடுப்பிலிருந்த பேரனைப் பார்த்துச் சிரித்து, அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே சென்றார்.