பாலைவனப் பட்டணமும் பார்வையாளர் விஸாவும்

காவிரியின் கரையில், பவானிக்கு எதிரே அமைந்த நமது குமாரபாளையத்தில், விசைத்தறியின் ஓசை கேளாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லுங்கியும் துண்டும் நெய்து வெளியூர்களுக்கு அனுப்பும் இவ்வூரில், தாமும் வெளியே சென்று பார்க்க வேண்டுமென்ற ஆசை வாலிபர்களிடம் தோன்றுவது இயல்பு. துபாய் என்ற பெயர் அவ்வாசைக்கு முதலில் அகப்படுகிறது. உறவினரைக் காணச் செல்வோர், ஊரைப் பார்த்துவரச் செல்வோர், பிழைப்பைத் தேடிச் செல்வோர் ஆகிய மூவகையாரும் விஸா என்னும் ஒரே வாயிலின் முன்னே நிற்க வேண்டியிருக்கிறது. அவ்வாயிலைப் பற்றிச் சில உண்மைகளைக் கூறுவது நமது கடமை.

விதிகள் கண்டிப்பானவை. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பார்வையாளருக்குப் பொதுவாக 30 அல்லது 60 நாட்களுக்கு விஸா அளிக்கிறது. பாஸ்போர்ட்டு குறைந்தது ஆறு மாதங்களேனும் செல்லுபடியாக வேண்டும். திரும்பிவரும் டிக்கெட்டு, தங்குமிடத்துக்கு அத்தாட்சி, கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். 2024-ஆம் ஆண்டின் இறுதியில் இவற்றை முன்கூட்டியே கேட்கத் தொடங்கியதும், இந்தியர்களின் விண்ணப்பங்கள் பல தள்ளுபடியாயின. கெடு கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல், அபராதம். நமது வீட்டுக் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாகூட அங்கே தடை செய்யப்பட்ட சரக்கு. வலிக்கும் இருமலுக்கும் இங்கே கொடுக்கும் மருந்துகள் சிலவற்றை முன்னநுமதியின்றிக் கொண்டு சென்றாலும் சிறைவாசம் நேரக்கூடும். அன்புள்ள தாய் கட்டிக்கொடுக்கும் பொட்டலம் மகனுக்கு விலங்காக முடியலாம்.

தன் வாயிலைக் காத்துக்கொள்ள எந்தத் தேசத்துக்கும் உரிமையுண்டு. ஆனால் கண்டிப்பு வேறு, அநீதி வேறு. 1914-இல் கோமகாட்டா மாரு கப்பலில் 376 இந்தியர்கள் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தபொழுது, பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராக வந்திருக்க வேண்டுமென்ற விதியைக் காட்டிக் கனடா சர்க்கார் பெரும்பாலோரை இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பினர். அவ்விதியில் இந்தியர் என்ற சொல் இல்லை. நோக்கம் முழுவதும் இந்தியரைத் தடுப்பதே. 102 வருஷங்கள் கழித்து, 2016-இல், கனடாவின் பிரதம மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரினார். துபாயின் விதி அத்தகைய வஞ்சனையுடையதன்று. எனினும் அதன் பளு எல்லார் தலைமீதும் ஒன்றுபோல் விழுவதில்லை. அமெரிக்க விஸா பெற்ற இந்தியர் அங்கே இறங்கியதும் 14 நாள் விஸா பெறலாம்; தறிக்காரருக்கு அச்சலுகை இல்லை. அதை மாற்றும் சக்தி நம்மிடம் இல்லை. நம் தேசத்துக் குறையைத் திருத்தும் சக்தியோ நம்மிடம் உண்டு.

அக்குறை யாது? 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் ஏழைத் தொழிலாளியைக் காக்கவே ஏற்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 தேசங்களுக்கு வேலைக்குச் செல்ல, பொதுவாகச் சர்க்கார் அதிகாரியின் அநுமதி வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அநுமதி அளிக்கப்படும். ஆள் சேர்க்கும் ஏஜெண்டு லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கும் கட்டணம், வரி நீங்கலாக 30,000 ரூபாயைத் தாண்டலாகாது. 275 ரூபாய்ப் பிரீமியத்தில் இரண்டு வருஷத்துக்குப் பத்து லட்ச ரூபாய் விபத்து இன்ஷூரன்ஸும் உண்டு. ஆயின் இவையெல்லாம் வேலைக்குச் செல்வோருக்கே. பார்வையாளராகச் செல்பவருக்கு இவ்வநுமதி தேவையில்லை.

கள்ளத் தரகர் நுழையும் சந்து இதுவே. “முதலில் விஸிட் விஸாவில் போய்விடு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்ற ஒரே வாக்கியத்தால் சட்டத்தின் பாதுகாப்பு முழுவதும் அற்றுப்போகிறது. ஒழுங்கான வேலை கிடைத்தால் விஸாவை அங்கேயே மாற்றிக்கொள்ள வழியுண்டென்பது மெய்தான். ஆனால் வேலை அநுமதி வருவதற்கு முன் உழைப்பது குற்றம்.

அந்நாட்டுச் சட்டம் தொழிலாளிக்கு விரோதமானதென்று எண்ணுவதும் தவறு. 2021-ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்தின்படி ஆள் சேர்க்கும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கலாகாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அநுமதியின்றி ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதமென்று 2024-இல் விதித்தனர். ஆனால் ஒப்பந்தமே இல்லாதவன் எந்தக் காகிதத்தைக் காட்டி நியாயம் கேட்பான்? கூலி வராவிட்டால் முறையிட அஞ்சுகிறான். முறையிடத் துணிந்தால் தானே குற்றவாளியாக நிற்கிறான். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அபராதத்தைத் தள்ளிப் பொது மன்னிப்பு வழங்கினர். மன்னிப்பு தயவால் வருவது. அதை நம்பிப் பிரயாணத்தைத் தொடங்கலாகாது.

அப்படியாயின் படிக்காத ஏழைகள் பார்வையாளராகச் செல்வதையே தடுத்துவிட்டால் என்னவென்று சிலர் கேட்கலாம். இதை நாம் ஒப்பவில்லை. வெளிநாடு செல்வது அரசியல் சட்டம் காக்கும் தனிமனித சுதந்திரத்தைச் சேர்ந்ததென்று 1967-இல் ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு மட்டும் அத்தீர்ப்பு ஏற்பட்டதன்று. ஏழை மகன் தன் அண்ணனைக் காணச் செல்வதைச் சந்தேகக் கண்ணோடு நோக்குவது சுதந்திர தேசத்துக்கு அழகாகாது. தண்டிக்க வேண்டியது பிரயாணியை அன்று. பொய் சொல்லி அனுப்பும் தரகனை.

1983-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதாவொன்றின் நகலை இந்திய சர்க்கார் 2025-இல் வெளியிட்டனர். வேலைக்கென்று பணம் வாங்கிப் பார்வையாளர் விஸாவில் அனுப்புவதைத் தனிக் குற்றமாக்கி, வாங்கிய பணத்தைத் திரும்பக் கொடுக்கச் செய்யும் விதி சட்டத்தில் ஐயமற இடம்பெற வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டுகளின் ஜாபிதா சர்க்காரின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. தாலுகா ஆபீஸ் சுவரில் அதைத் தமிழில் ஒட்டுவதற்கு என்ன தடை? தமிழ்நாட்டு சர்க்காரின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருந்துவருவதையும் நம்மவரில் பலர் அறியார்.

நம் பக்கத்துத் தறிப்பட்டறைகளில் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடக்கும் தொழிலாளியின் நிலை யாவரும் அறிந்ததே. அக்கட்டிலிருந்து விடுபடத் தரகனிடம் கடன்பட்டு விமானமேறுவது, ஒரு முடிச்சை அவிழ்த்து வேறொன்றைப் போட்டுக்கொள்வதேயாகும். தேசபக்தியுள்ள ஊழியர்கள் செய்யத்தக்க வேலை இங்கே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் வாசகசாலையிலோ சங்கக் கட்டிடத்திலோ அமர்ந்து, புறப்பட இருப்பவரின் விஸாவையும் ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்து, அதில் கண்டிருப்பது வேலையா, வெறும் பார்வையா என்று சொல்லட்டும். பணம் கைமாறுவதற்கு முன் இதைச் சொன்னால் ஒரு குடும்பம் பிழைக்கும்.