பெட்டி எங்க வீட்ல, சாவி யார் கையில?

மல்லாட்டை பறிப்பு முடிஞ்சு இப்பதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம் இது. கொஞ்சம் கோவமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

சென்னையில, பெங்களூர்ல வேலை பாக்கற நம்ம பசங்க பொங்கலுக்கோ தீபத்துக்கோ ஊருக்கு வந்தா, அப்பா அம்மா வீட்டுக்கு ஒரு பிராட்பேண்ட் கனெக்‌ஷன் போட்டுக் குடுத்துட்டுப் போறாங்க. நல்ல காரியம். கீழ்பென்னாத்தூர்ல செஞ்சி ரோட்டை ஒட்டி மட்டும் இல்ல, உள்ள தள்ளி இருக்கற கிராமத்துத் தெருவுல கூட இப்ப கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஒயர் ஓடுது. ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்கற திட்டத்துக்கு மத்திய அரசு 2011ல ஒப்புதல் குடுத்தது. பாரத்நெட்னு அப்புறம் பேர் மாத்தினாங்க. தமிழ்நாட்டுல இருக்கற 12,525 ஊராட்சியையும் இணைக்க டான்ஃபிநெட்னு மாநில அரசு தனியா ஒரு நிறுவனமே வெச்சிருக்கு. இப்படி எல்லாரும் ஒயரைப் பத்தித்தான் பேசறாங்க. அந்த ஒயர் வந்து முடியற எடத்துல, எங்க வீட்டுச் செவுத்துல மாட்டற ரவுட்டர் பெட்டியைப் பத்தி யாரும் வாய் திறக்கறதில்ல.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பெட்டியை மாட்ட வர்ற ஆளு, அந்தப் பெட்டியோட சாவியை வீட்டுக்காரங்க கையில குடுத்துட்டுத்தான் படி இறங்கணும். அவர் பெரிய மனசு பண்ணிக் குடுக்கற விஷயமா இது இருக்கக் கூடாது. கட்டாயமா இருக்கணும்.

இங்க எப்படி நடக்குதுன்னு பாருங்க. பைக்ல ஒரு தம்பி வருவாரு. ஏணி போட்டு ஒயர் இழுப்பாரு, டிவிக்குப் பின்னாடி பெட்டியை வெப்பாரு. தன்னோட போனை எடுத்து என்னமோ தட்டுவாரு. "ஐயா, உங்க போன் நம்பர் சொல்லுங்க"ம்பாரு. அதையே வைஃபை பாஸ்வேர்டா போட்டுடுவாரு. "ஆச்சுங்க, யூடியூப் ஓடுது பாருங்க"ன்னு காட்டிட்டு அடுத்த வீட்டுக்குக் கெளம்பிடுவாரு. ஒரு துண்டுச் சீட்டு கூட கையில குடுக்கறதில்ல. அந்தத் தம்பியை நான் குத்தம் சொல்லல. ஒரு நாளைக்கு இத்தனை வீடுன்னு அவருக்குக் கணக்கு. அப்படி ஓட விடறவங்களைத்தான் கேக்கறேன்.

டவுன்ல இருக்கறவங்களுக்கே இது பாதி பேருக்குத் தெரியாது, அதனால சொல்லிடறேன். நாம போன்ல போடற வைஃபை பாஸ்வேர்டு வேற, பெட்டியோட அட்மின் பாஸ்வேர்டு வேற. வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்குள்ள விடறதோட சரி. அட்மின் பாஸ்வேர்டு இருந்தாத்தான் பெட்டியையே திறக்க முடியும். பிரவுசர்ல 192.168.1.1 மாதிரி ஒரு எண்ணைப் போட்டா ஒரு பக்கம் திறக்கும். அங்க இந்தப் பாஸ்வேர்டைக் குடுத்தாத்தான் வைஃபை பேரை மாத்தலாம், யார் யார் நம்ம லைன்ல இருக்காங்கன்னு பாக்கலாம், வேணாதவங்களை வெளியேத்தலாம். இது இல்லாம பல கனெக்‌ஷன்ல மூணாவதா ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு இருக்கும். அது கம்பெனிகிட்ட பெட்டி தன்னை அடையாளம் காட்டிக்கறதுக்கு. இந்த மூணுல எங்க ஊர் வீடுகளுக்குத் தெரியறது முதல் ஒண்ணு மட்டும்தான்.

கெணத்துல மோட்டார் எறக்க மெக்கானிக் வர்றாருன்னு வெச்சுக்கங்க. மோட்டார் எறக்கி, ஸ்டார்ட்டர் மாட்டி, தண்ணி வர்றதைக் காட்டிட்டு, பம்ப்செட் ரூமைப் பூட்டி சாவியை அவர் பாக்கெட்ல போட்டுக்கினு போனா நாம சும்மா இருப்போமா? ஃபியூஸ் போனா அவர் வர்ற வரைக்கும் கழனி காயட்டும்னு விடுவோமா? ரவுட்டர்ல மட்டும் எப்படி விட்டோம்?

எங்க தெருவுல ஒரு வீட்ல நெட்டு மெதுவா இருக்குதுன்னு பேரப்பையன் ஒரு ஊக்கை எடுத்து பெட்டிக்குப் பின்னாடி இருக்கற சின்ன ஓட்டையில அமுக்கிட்டான். ரீசெட் ஆயி எல்லா செட்டிங்கும் அழிஞ்சு போச்சு. அந்த மூணாவது யூசர்நேம் ஒரு காயிதத்துல எழுதி இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. எழுதி இல்லாததால மூணு நாள் லைன் கிடையாது. அந்த மூணு நாளும் மாச வாடகைல கழியல.

சரி, இது வெறும் எடைஞ்சல்தான்னு விட்டுடலாம். ஆனா இந்தப் பெட்டியால பெரிய ஆபத்தே வந்திருக்கு. பிரேசில்ல 2011ல இருந்து, உள்ள இருக்கற மென்பொருள்ல ஓட்டை இருந்த மோடம்களைத் திருடனுங்க குறி வெச்சாங்க. மொத்தம் 45 லட்சம் மோடம் அவங்க கைக்குப் போச்சு. அவங்க முக்கியமா மாத்தினது டிஎன்எஸ்னு ஒரு செட்டிங். பேங்க் பேரை நாம டைப் பண்ணா அது எந்த கம்ப்யூட்டர்ல இருக்குன்னு விலாசம் சொல்றதுதான் டிஎன்எஸ். விலாசத்தை மாத்திட்டா சரியான பேரையே டைப் பண்ணாலும் திருடன் கட்டி வெச்ச கடைக்குப் போய் நிப்போம். போன்ல ஆன்டி வைரஸ் இருந்தும் பிரயோஜனமில்ல, தப்பு இருக்கறது பெட்டியில.

அது எங்கயோ வெளிநாட்டுலன்னு சொல்றவங்களுக்கு, 2017 ஜூலையில நம்ம நாட்டுலயே பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் மேல ஒரு மால்வேர் பாஞ்சது. மாட்டினதெல்லாம் 'அட்மின்'ங்கற பழைய பாஸ்வேர்டை மாத்தாம வெச்சிருந்த மோடம்கள். பாஸ்வேர்டை மாத்துங்கன்னு அப்புறம் அறிவிப்பு வந்தது. மாத்தணும்னா எங்க போய் மாத்தறதுன்னு முதல்ல யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும் இல்லையா?

இன்னொண்ணு, போலீஸ் சமாச்சாரம். 2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்பு. வெடிக்கறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி மிரட்டல் மெயில் ஒண்ணு போச்சு. எங்க இருந்து வந்ததுன்னு தேடிக்கினு போனா, நவி மும்பையில குடியிருந்த ஒரு அமெரிக்கர் வீட்டு இணைப்புல போய் நின்னது. அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்ல, அவர் வைஃபையை வேற எவனோ பயன்படுத்தி இருக்கான். ஆனா விசாரணைக்குப் போய் நின்னது அவர்தான். அந்த எடத்துல எங்க ஊர் ஆயா ஒருத்தரை வெச்சுப் பாருங்க. தெருவுல பாதி பேருக்கு அவங்க போன் நம்பர் தெரியும். அதுதான் அவங்க வைஃபை பாஸ்வேர்டும்.

கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டா ஒரு பதில் வெச்சிருக்காங்க. "ஊர் ஜனங்க கையில குடுத்தா எதையாவது நோண்டிடுவாங்க சார், அப்புறம் நாங்கதான் ஓடி வரணும்." நீங்களும் மனசுக்குள்ள தலையாட்டறீங்கன்னு எனக்குத் தெரியும். இதே ஜனங்கதான் சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டருக்கு வீட்ல இருந்தே போன் பண்ணி மோட்டார் ஓட்டறாங்க. சொட்டுநீர்ல எந்த வால்வை எப்பத் திறக்கணும்னு அவங்களுக்கு அத்துப்படி. பிஎம் கிசான் இ-கேஒய்சி, பட்டா சிட்டா எல்லாம் போன்லயே பாக்கறாங்க. கத்துக் குடுத்தா வரும். கம்பெனி தூரத்துல இருந்தே பெட்டியைச் சரி பண்றதுக்கு ஒரு வழி வெச்சுக்கட்டும், அதை நான் வேணாம்னு சொல்லல. வீட்டுக்காரனுக்கும் ஒரு சாவி இருக்கணும்னுதான் சொல்றேன்.

இது நடக்காத காரியமும் இல்ல. ஜெர்மனியில 2016 ஆகஸ்ட் 1ல இருந்து, ரவுட்டரை வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்துக்கலாம், அதுக்கு வேண்டிய யூசர்நேம் பாஸ்வேர்டை கம்பெனி கேக்காமலே குடுக்கணும்னு சட்டம். பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29ல இருந்து, சுலபமா ஊகிக்கற பாஸ்வேர்டு போட்டு இந்த மாதிரி சாதனத்தை விக்கவே கூடாது. ரெண்டுமே வாடிக்கையாளர் ஆளுக்காளு போய் மல்லுக்கட்டி வாங்கினது இல்ல, அரசாங்கம் விதி போட்டு வந்தது. இங்கயும் அரசு பணத்துல ஊர் ஊரா ஃபைபர் இழுக்கும்போது, ஒயர் எத்தனை கிலோமீட்டர்னு மட்டும் எண்ணாம இதையும் ஒரு நிபந்தனையா எழுதலாமே.

விதி வர்ற வரைக்கும் நாம கேட்டு வாங்க வேண்டியது இதெல்லாம்:

ஒண்ணு, அட்மின் பாஸ்வேர்டை வீட்டுக்காரங்க முன்னாடியே மாத்தி, காயிதத்துல எழுதி வாங்கணும்.

ரெண்டு, வைஃபை பாஸ்வேர்டு போன் நம்பரா இருக்கக் கூடாது. நாலு தமிழ் வார்த்தையைச் சேத்து இங்கிலீஷ் எழுத்துல போட்டா போதும், பெரியவங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பாதுகாப்பு டபிள்யூபிஏ2 இல்லன்னா டபிள்யூபிஏ3 தான்.

மூணு, கம்பெனியோட யூசர்நேம் பாஸ்வேர்டு இருந்தா அதுவும் அதே காயிதத்துல வரணும்.

நாலு, எந்த விளக்கு எதுக்குன்னு சொல்லித் தரணும். எல்ஓஎஸ்னு போட்ட விளக்கு சேப்பா எரிஞ்சா வெளிச்சம் பெட்டிக்கு வந்து சேரல, ஃபைபர்ல கோளாறு. அது தெரிஞ்சா பெட்டியைத் தட்டிக்கினு உக்காராம நேரா போன் போடலாம்.

அஞ்சு, பெட்டியை டிவிக்குப் பின்னாடியோ இரும்பு பீரோ பக்கத்துலயோ வெக்காம வீட்டு நடுவுல ஒசரமா வெக்கச் சொல்லணும். கெட்டிச் செவுரா இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டறது கஷ்டம், 2.4 தான் தூரம் போகும்.

இதைக் கேக்க வேண்டியவங்க யாருன்னா, ஊர்ல கனெக்‌ஷன் போட்டுக் குடுத்த நீங்கதான். பணம் கட்டறது நீங்க, கம்பெனி மதிக்கறதும் உங்க போன் காலைத்தான். உங்க அப்பா கேட்டா "அதெல்லாம் உங்களுக்கு வேணாம் பெரியவரே"ன்னுட்டுப் போயிடுவாங்க. அடுத்த தடவை பில்லு கட்டும்போது ஒரு போன் போட்டு அட்மின் பாஸ்வேர்டு கேளுங்க. தர மாட்டேன்னா ஏன்னு எழுத்துல கேளுங்க. என்ன பதில் வந்ததுன்னு எனக்கும் சொல்லுங்க.