ஏறி வருவதுதான் கஷ்டம்

வாடகை வீடு தேடி அலுத்துப்போன யாருக்கும் ஒரு நாளாவது இந்த யோசனை வந்திருக்கும்: நிலத்தில்தான் இடமில்லை, பேசாமல் கடலுக்கடியில் போய்க் குடியிருந்தால் என்ன? பூமியில் முக்கால்வாசி தண்ணீர். புரோக்கர் கமிஷன் கிடையாது. தண்ணிக் கஷ்டம் கிடையவே கிடையாது.

சிரிக்காதீங்க. இதை நிஜமாகவே செய்து பார்த்தார் ழாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக்காரர். 1962-ல் மார்சேல் கரைக்கு அருகே 10 மீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய இரும்பு டிரம்மை இறக்கி, இரண்டு பேரை அதில் ஒரு வாரம் குடிவைத்தார். அடுத்த வருஷமே செங்கடலில், சூடானுக்கு அப்பால், ஒரு குட்டிக் காலனி போட்டுவிட்டார். நட்சத்திர மீன் வடிவத்தில் வீடு, ஐந்து பேர், ஒரு மாசம். ஏ.ஸி. உண்டு, சமையல் உண்டு, பேச்சுத் துணைக்கு ஒரு கிளிகூட உண்டு.

அந்த வீட்டுக்கு வாசல், தரையில் ஒரு ஓட்டை. மூடி கிடையாது. தண்ணீர் ஏன் உள்ளே வரவில்லை? குளிக்கும்போது ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று தண்ணீரை அண்டவிடாது. அதே சமாசாரம்தான். வெளியே தண்ணீருக்கு என்ன அழுத்தமோ, அதே அழுத்தத்தில் உள்ளே காற்றை அடைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்.

'அட, இவ்வளவு சுலபமா?' என்பீர்கள். இறங்குவது சுலபம்தான், ஸார். வில்லங்கம் ஏறி வரும்போது இருக்கிறது.

அழுத்தத்தில் சுவாசிக்கிற நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து, உடம்பு முழுக்கப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்போது நீங்கள் ஒரு கோலி சோடா. கோலி அமுங்காதவரை சாது. சட்டென்று மேலே வந்தால் கோலியைத் தட்டின மாதிரிதான், ரத்தத்தில் நுரை. மூட்டு வலியில் ஆரம்பித்து பக்கவாதம், மரணம் வரை போகும். அதனால் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இதில் ஒரு சலுகையும் உண்டு. ஏறக்குறைய ஒரு நாளில் உடம்பு 'ஹவுஸ்ஃபுல்' ஆகிவிடும். அதற்குமேல் வாயு ஏறாது. ஒரு நாள் தங்கினாலும் ஒரு மாசம் தங்கினாலும் மேலே வர ஒரே நேரம்தான். ஃப்ளோரிடாவில் கீ லார்கோ அருகே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் 'அக்வேரியஸ்' என்ற ஆராய்ச்சி வீடு இருக்கிறது. நாஸா தன் விண்வெளி வீரர்களை 2001 முதல் அங்கே பயிற்சிக்கு அனுப்பியது. அதிலிருந்து கிளம்ப சுமார் 17 மணி நேரம் ஆகும். மேலே தெரிகிற சூரியனுக்கு தூரம் என்னவோ மூணு தென்னைமர உயரம்கூட இல்லை!

இன்னும் ஆழம் போனால் சாதாரணக் காற்றே விஷம். 1965-ல் அமெரிக்கக் கடற்படை, கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் 62 மீட்டர் ஆழத்தில் 'ஸீலேப்-2' என்ற வீட்டை இறக்கியபோது, ஆக்ஸிஜனை சுமார் 4 சதவிகிதமாகக் குறைத்து, மீதியில் பெரும்பங்கு ஹீலியத்தை நிரப்பினார்கள். ஹீலியம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். குரலையும் கீச்சுக் குரலாக்கிவிடும். அங்கே ஒரு மாசம் இருந்த ஸ்காட் கார்ப்பென்ட்டர், அதற்கு முன்பே விண்வெளிக்குப் போய் பூமியைச் சுற்றி வந்தவர். அவரை ஜனாதிபதி ஜான்சன் டெலிபோனில் பாராட்டினார். கார்ப்பென்ட்டர் வாத்து மாதிரி கீச்சுக் குரலில் பதில் சொல்ல, ஜனாதிபதி பாவம், புரிந்த மாதிரியே பேசி முடித்தார். அந்த ஒலிநாடா இன்றும் இருக்கிறது.

சிரிப்பு அதோடு சரி. 1969 பிப்ரவரியில் 'ஸீலேப்-3' வீட்டை 186 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். அதில் கசிவு. சரிசெய்யப் போன பெர்ரி கேனன் என்பவர் வலிப்பு வந்து இறந்துபோனார். கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்ச வேண்டிய ரசாயனம், ஒரு சுவாசக் கருவியில் நிரப்பப்படவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. திட்டத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள்.

2025 ஜனவரியில் ரூடிகர் கோக் என்ற ஜெர்மானியர், பனாமா கடலில் 11 மீட்டர் ஆழத்தில் 120 நாள் இருந்து சாதனை செய்தார். அவர் வழி வேறு. கெட்டியான இரும்புக் கூட்டுக்குள் நம் வீட்டு அழுத்தமே. அதனால் படியேறி வந்துவிடலாம். ஆனால் ஓட்டை வழியாகக் கடலுக்குள் குதிக்க முடியாது. ஜன்னல் வழியாக மீன் பார்க்கலாம். சாப்பாடு படகில் வந்தது. கடலுக்கடியில் ஒரு நல்ல லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கூஸ்தோவின் கனவு வீண்தானா? இல்லை. வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வட கடலில் எண்ணெய்க் குழாய்களைப் பழுது பார்க்கிறவர்கள், கடலடி அழுத்தத்திலேயே நான்கு வாரம் வரை வாழ்கிறார்கள். எங்கே தெரியுமா? கப்பல் மேல்தளத்தில்! அழுத்தம் ஏற்றிய ஓர் இரும்புத் தொட்டிக்குள். வேலைக்கு மட்டும் ஒரு மணிக்கூண்டில் அடைத்துக் கீழே இறக்குவார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி தொட்டி.

கண்ணாடி வட்டத்துக்கு இந்தப் பக்கம் சக ஊழியர் டீ குடித்துக்கொண்டிருப்பார். கை நீட்டும் தூரம். ஆனால் 'அப்பாவுக்கு சீரியஸ்' என்று சேதி வந்தால், உள்ளே இருப்பவர் வெளியே வர நாலைந்து நாள் ஆகும். லீவ் உடனே சாங்ஷன் ஆகும். உடம்பு சாங்ஷன் பண்ணாது. நிலாவுக்குப் போனவர்கள்கூட மூணு நாளில் ஊர் திரும்பினார்கள்.

மனிதன் கடலுக்கடியில் வாழ முடியுமா என்றால், முடியும் என்றே சொல்வேன், நிரூபித்தாயிற்று. ஆனால் நினைத்த நேரத்தில் கிளம்பி வரமுடிகிற இடத்தைத்தான் நான் வீடு என்பேன். மற்றதெல்லாம் ட்யூட்டி ரூம்.

ஆகவே, வாடகையைக் கட்டிவிட்டு இங்கேயே இருங்கள். வீட்டுக்காரர் கொடுக்கிற அழுத்தம் ஒரு வளிமண்டலத்தைத் தாண்டாது.