அரியணை இல்லாத ராணி

ஓசூர்க் கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை என்றதும் ஐதர் அலி, திப்பு சுல்தான் பெயர்கள் நினைவுக்கு வரும். அந்தக் கோட்டைகள் அவர்கள் வசம் இருந்த காலத்தில், மைசூர் ராஜ்யத்தில் ஒரு ராணியும் இருந்தார். அவர் பெயர் லட்சுமி அம்மணி. நம் பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசுவோர் இல்லை.

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவருக்குப் படை இருந்தது, கப்பல் இருந்தது. லட்சுமி அம்மணிக்கு என்ன இருந்தது? 1766-ல் கணவர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார் இறந்தார். ஆட்சி ஐதர் கையில். சீரங்கப்பட்டணத்து அரண்மனையே அவருக்குக் காவல் கூடம்!

ராணி மூலையில் முடங்கவில்லை. திருமலை ராவ் என்பவரை ரகசியத் தூதராக்கினார். 1782-ல் தஞ்சையில், ராணியின் பேரால் ஆங்கிலக் கம்பெனியுடன் ஒப்பந்தம் ஆயிற்று. பலன் கிடைக்க மேலும் 17 ஆண்டுகள்! அதற்குள் 1796-ல் திப்பு, அரச குடும்பத்தை அரண்மனையை விட்டே வெளியேற்றினார்.

1799-ல் திப்பு போரில் மாண்டார். ஐந்து வயதுச் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏறினான். 1810-ல் இறக்கும்வரை ராணியே அவனுக்குத் துணை.

அந்நியனைக் கூப்பிட்டவர் என்று அவரைப் பழிப்பவர்கள் உண்டு. அப்படிப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ராஜ்யத்தைப் பறித்தவரிடமே போய் நியாயம் கேட்க முடியுமா? ஆனால் கம்பெனி சும்மா உதவவில்லை. கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலை 1792-லேயே எடுத்துக்கொண்டது. 1799-ல் ஓசூரும் போயிற்று. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஓசூர்க்காரர் அத்திப்பள்ளியில் தாண்டும் எல்லை, அந்தப் பங்கீட்டில் விழுந்த கோடுதான்.