அடிமாட்டு விலைக்கு என்ன பதில்?

வீடு விற்பது நம் குடும்பங்களில் ஆயுளில் ஒரு தரம் அல்லது இரண்டு தரம் நேருகிற காரியம். வாங்க வருகிறவர்களில் பலரும், அவர்களுடன் வரும் தரகரும் அப்படியல்ல. மாதத்துக்குப் பல வீடுகளைப் பார்த்துப் பழகியவர்கள். ஆகவே, 60 லட்சம் ரூபாய் பெறும் என்று நாம் நம்பியிருக்கும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியையும் அருந்திவிட்டு, ஒருவர் சாவதானமாக, "35 என்றால் முடித்துக் கொள்ளலாம்" என்று சொல்லும்போது நாம் திகைத்துப் போகிறோம். சிலருக்குக் கோபம் வருகிறது. வாசற்படியைக் காட்டி விடுகிறார்கள். சிலருக்குப் பயம் வருகிறது. "45 ஆவது கொடுங்களேன்" என்று இறங்கி விடுகிறார்கள். இரு சாராருக்கும் நஷ்டந்தான். முதல்வர் வாங்கக்கூடிய ஒருவரை இழக்கிறார். இரண்டாமவர் வீட்டின் விலையையே இழக்கிறார்.

அநேக குடும்பங்களுக்கு அந்த வீடு ஒன்றுதான் இரண்டு தலைமுறைகளின் சேமிப்பு. பெண்ணின் மேற்படிப்பு, பெற்றோரின் வைத்தியச் செலவு, உடன்பிறந்தாரின் பாகம் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். ஒரு மாலை நேரத்துப் பதற்றத்தில் பத்து லட்சம் கைநழுவினால் அது மறுபடி வரப்போவதில்லை. ஆகையால் இந்த வாரம் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். எண் ஒன்று காதில் விழுந்துவிட்டால், அது தவறானது என்று தெரிந்த பிறகும் நம் புத்தி அதைச் சுற்றியே வட்டமிடும். அமெரிக்காவில் அரிஜோனா மாகாணத்து டூஸான் நகரில் நடத்திய பரீட்சை ஒன்றை நார்த்கிராஃப்ட், நீல் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 1987-இல் வெளியிட்டார்கள். ஒரே வீட்டை மாணவர்களுக்கும் வீட்டுத் தரகர்களுக்கும் காட்டினார்கள். ஆனால் கேட்கும் விலை என்று வெவ்வேறு தொகைகளைக் குறித்துக் கொடுத்தார்கள். பெரிய தொகையைப் பார்த்தவர்கள் வீட்டை அதிகமாக மதித்தார்கள். சிறிய தொகையைப் பார்த்தவர்கள் குறைவாக மதித்தார்கள். கைதேர்ந்த தரகர்களும் இதற்கு விலக்கல்ல. தொழில் தெரிந்தவர் கதி அதுவென்றால், நம் கதி என்ன?

"பாதிக்குப் பாதி" என்னும் சமரசத்தில் இந்த வலை நன்றாகப் புலப்படும். நாம் கேட்பது 60, அவர் சொல்வது 45 என்றால் நடுமத்தியம் 52½ லட்சம். அவரே 35 என்று ஆரம்பித்தால் நடுமத்தியம் 47½ லட்சம். வீடு அதே வீடுதான். ஆரம்ப வார்த்தையைத் தாழ்த்தியதனால் மட்டும் 5 லட்சம் இறங்கிவிட்டது. எனவே மிகத் தாழ்ந்த விலை கேட்டவருடன் பாதி வழி நடந்து போகலாகாது.

இதற்கு மாற்று, எவரும் வருவதற்கு முன்பே நம் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்வதுதான். கேட்கும் விலை ஒன்று, அதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற விலை ஒன்று, இரண்டையும் குடும்பத்தார் அனைவரும் அறிய எழுத வேண்டும். இவற்றை மனம்போனபடி எழுதலாகாது. பத்திரப் பதிவுப் புத்தகம் எவரும் பார்வையிடக் கூடியது. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் நடந்த கிரயங்களின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து பெறலாம். சர்க்கார் நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே காணலாம்.

இந்த வழிகாட்டி மதிப்பை விற்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. மனையும் கட்டடமும் சேர்ந்து சர்க்கார் கணக்கில் 42 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். 35 லட்சத்துக்குக் கிரயம் செய்தால் என்ன ஆகும்? சர்க்கார் மதிப்பு கிரயத் தொகையைக் காட்டிலும் 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாயிருந்தால், விற்றவர் சர்க்கார் மதிப்பையே பெற்றதாகக் கொண்டு வருமான வரித் துறை லாபத்தைக் கணக்கிடும். கைக்கு வராத 7 லட்சத்தையும் சேர்த்து வரி கணக்காகும். வாங்கியவருக்கும் அந்த 7 லட்சம் வருமானமாகக் கருதப்படும். தமிழ்நாட்டில் 2023 முதல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை அவர் 42 லட்சத்துக்கே கட்ட வேண்டும். அது 3,78,000 ரூபாய். இதை எடுத்துச் சொன்னால், கேட்டவரே தம் தொகையை மறுபடி யோசிப்பார். சந்தை நிலவரம் மெய்யாகவே சர்க்கார் மதிப்புக்குக் கீழே இருந்தால், வரி அதிகாரியிடம் தனி மதிப்பீடு கோர இடமுண்டு.

இனி, கேட்டவருக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு வருவோம். முகம் சுளிக்காமல், "இந்தத் தொகைக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் விடையிலிருந்து ஆளின் தன்மை விளங்கிவிடும்.

விடையே இல்லாதவர் ஆழம் பார்க்க வந்தவர். அவருக்கு எதிர் விலை சொல்ல வேண்டுவதில்லை. "எங்கள் விலை உங்களுக்குத் தெரியும், அதற்கு அருகில் வர முடிந்தால் மறுபடி பேசலாம்" என்பதே போதும். கதவைச் சாத்தவும் இல்லை, படி இறங்கவும் இல்லை.

"என் கையில் இவ்வளவுதான்" என்கிறவரிடம் கோபத்துக்கு இடமில்லை. அவரை மரியாதையாக வழியனுப்ப வேண்டும். கிரயத்துக்கு மேல் 9 சதவீதம் அவர் தலையில் விழுவதையும் நாம் மறக்கலாகாது.

குறை சொல்கிறவரைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். ஓடு ஒழுகுவதைச் சொன்னால், கொத்தனாரிடம் செலவு கேட்டு அந்தத் தொகையை மட்டும் குறைக்கலாம். "உங்கள் சகோதரிகள் கையெழுத்து இல்லையே" என்றால் அது சாதாரண விஷயமல்ல. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாது காலஞ்சென்ற தகப்பனாரின் சுயார்ஜித சொத்தில் பெண்களுக்கும் சம பாகம் உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும் தேசமெங்கும் 2005-லும் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்திலும் பெண்மக்களின் உரிமையை நிலைநாட்டின. பெண்களின் பாகத்தை ஒளித்து விற்க முயல்வதனாலேயே எத்தனையோ வீடுகள் பாதி விலைக்குக் கேட்கப்படுகின்றன. அவர்களுக்குரியதை அவர்களுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் பெறுவது தர்மம். விலைக்கும் அதுவே நல்லது. வாரிசுச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கைவசம் இருந்தால் குறை சொல்ல இடம் குறையும்.

கடைசியாக, நம் அவசரத்தை மோப்பம் பிடித்து வருகிறவர். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று அவரோ தரகரோ அவசரப்படுத்துவார்கள். காத்திருப்பதற்கு என்ன செலவாகும் என்று நாமே கணக்கிடலாம். 20 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியென்றால் மாதம் 15,000. ஆறு மாதத்துக்கு 90,000. அதற்குப் பயந்து 10 லட்சத்தை விட்டுக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? ஆனால் கடன்காரர் ஏலத்துக்குக் கொண்டுவரும் நிலை என்றால் கணக்கு வேறு. அப்போது உடனே வரும் முழுத் தொகைக்காகச் சற்று இறங்குவது விவேகம். அந்த அவசரத்தை வாய்விட்டு மட்டும் சொல்லாதீர்கள்.

இறங்குவதென்று தீர்மானித்தால் சிறிது சிறிதாக இறங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒன்று பெற வேண்டும். 60-லிருந்து 58-க்கு வந்தால், ஒரு மாதத்துக்குள் கிரயம் முடிய வேண்டும் என்று கேளுங்கள். பிறகு 57-க்கு வந்தால், காலி செய்ய மூன்று மாதத் தவணை கேளுங்கள்.

"பத்திரத்தில் ஒன்று, கையில் ஒன்று" என்று ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். வீட்டுக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் சட்டம் தடுக்கிறது. வாங்கிய அளவே அபராதமும் விதிக்கலாம். சுதந்திர நாட்டின் பிரஜைக்கு அது அழகுமல்ல.

பேச்சு நடக்கும்போதே ஆயிரம் ரூபாய் அச்சாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தம் ஏற்பட்டபின் மனம் மாறினால், வாங்குகிறவர் வழக்காடிக் கிரயம் பெறலாம். 2018-ஆம் வருஷத் திருத்தம் அவருடைய கையை வலுப்படுத்தியிருக்கிறது. முதலில் எழுதி வைத்த காகிதத்தை எடுத்துப் பார்த்து, குடும்பத்தார் கலந்து பேசி, ஓர் இரவு கழித்துப் பதில் சொன்னால், அதனால் எந்த வீட்டின் விலையும் குறைந்துவிடாது.