வெள்ளையாக்கும் களிம்பு வேண்டாம்

பிடிபிடிஎன் கடனில் படிக்கும் எனக்கு முகப்பராமரிப்புக்கு மாதம் 40 ரிங்கிட்தான். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றுக்கும் அது போதும். சிக்கனம் பார்ப்பதென்றால் முதல் இரண்டில் பாருங்கள். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் புற ஊதா பி கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்றால் 98. அந்த ஒரு விழுக்காட்டுக்குக் கூடுதல் காசு எதற்கு? தாராளமாகப் பூசுங்கள், அதுதான் முக்கியம்.

என் கோபமெல்லாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளையாக்கும் களிம்புகள் மீதுதான். இத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்துள்ளது. அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வாங்குமுன் பொருளின் பெயரைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். கல்யாண வீடுகளில் "கொஞ்சம் கலரானால் என்ன?" என்று கேட்கும் அத்தைமார்களிடம் நான் சன்ஸ்கிரீன் வாங்கித் தரச் சொல்கிறேன்.